வலது பக்கத்துக் காது

பிப்ரவரி 9

கணக்கு மேடத்துக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியும். எழுதத்தான் மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் உங்களைக் கணக்கு மேடம் என்றுதான் சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் வெல்டருடைய மனைவி. டிசம்பரில் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே போனாரே, அவருடைய மனைவி. கம்பெனியிலிருந்து நிறையப் பேர் வந்தீர்கள். அதில் நீங்கள் யார் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் குரல் எனக்கு வேண்டாம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவரைக்கும் போதும். மகளை எழுதச் சொல்லியிருக்கலாம். அவள் படித்தவள், நயமாக எழுதிவிடுவாள். எனக்கு நயம் வேண்டாம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்காவிட்டாலும் சரி. கம்பெனி விலாசம் அவருடைய சாப்பாட்டுப் பையிலேயே அச்சடித்திருக்கிறது.

போன வாரம் ஃபிட்டர் அண்ணன் வந்தார். இவருடைய முகமூடி, கையுறை, டிபன் டப்பா எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார். உட்காரச் சொன்னேன். பேச ஒன்றும் இல்லை. அதனால் கேட்டேன்.

"அண்ணே, கடைசியா என்ன வேலைதான் பாத்துட்டு இருந்தாரு?"

"காதும்மா. பெரிய வெசலுக்கு, அந்த டேங்குக்கு, ரெண்டு காது. மேடம் போட்ட கணக்கு, இவன் வச்ச வெல்டு. அந்தக் காதைத்தான் இப்ப வெட்டப்போறாங்க. பாக்கவே கஷ்டமா இருக்கு."

திடுக்கிட்டு நிமிர்ந்தேன். "காதா?"

"ஆமா. அவ்வளவு பெரிய சாமானைக் கிரேன் எதைப் பிடிச்சுத் தூக்கும்? பிடி வேணும்ல? ஓட்டை போட்ட தடிச்ச தகடு, ரெண்டு பக்கமும் ஒண்ணு. பாத்தா காது மாதிரியே இருக்கும். அதனால காது."

மேடம், நான் ஏன் அப்படித் திடுக்கிட்டேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவர் பின்பக்கம் துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து உங்களோடு போனில் பேசுகிறார். நான் உள்ளே பாத்திரம் தேய்க்கிறேன். காதில் விழுந்தது இது:

"உங்க காது ரெண்டும் அம்சமா இருக்கு மேடம். சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. ஓட்டைதான் கொஞ்சம் பெருசோன்னு தோணுது."

ஊரான் வீட்டுப் பெண்பிள்ளையின் காதோட்டையை அளவெடுக்கிற ஆளோடு ஒருத்தி எப்படிப் பேசுவாள்? நான் பேசவில்லை. தட்டை ணங்கென்று வைத்தேன். "என்னாச்சு?" என்றார். "போய் அவ காதையே பாத்துட்டு இரு" என்று முணுமுணுத்தேன். "ஆமா, மழை வரும்போலத்தான் இருக்கு" என்றார். அவருக்கு வலது காது கேட்காது. நான் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

இப்போது தெரிந்துவிட்டது, அது இரும்புக் காது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். மகள் சிரித்தாள். "அம்மா, இரும்புக் காதைப் பாத்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆளு உலகத்துலேயே நீதான்" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரும்பாக இருந்தால் என்ன, "உங்க காது" என்றுதானே சொன்னார்? வைத்தவர் அவர். காது உங்களுடையதாம். என் காதை அவர் ஒரு நாளும் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில்லை.

அதை விடுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். அந்த இரண்டு காதையும் வெட்டக் கூடாது. அவர் கையால் வைத்த கடைசி வேலை அது. உத்தரவு உங்களுடையது என்று அண்ணன் சொன்னார். நீங்கள் போட்ட உத்தரவை நீங்களே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வெல்டர் வீட்டுக்காரி


பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் பிரிவின் சார்பில் மீண்டும் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

காதுகளை அகற்றும் முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

அந்தக் கலன் இங்கே படுத்த நிலையில் தயாராகிறது. நிறுவும் இடத்தில் அதை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். முழுதாக நிமிர்ந்து தொங்கும்போது பாரம் அத்தனையும் தலைமுனையில் இருக்கும் அந்த இரண்டு காதுகளுக்கு வந்துவிடும். நாங்கள் முதலில் போட்ட திட்டத்தில் கிரேனின் கொக்கிக்குக் கீழே நீளமான ஒரு குறுக்குச் சட்டம் இருந்தது. அதன் இரண்டு முனைகளிலிருந்தும் கம்பி வடங்கள் நேர் கீழே இறங்கிக் காதுகளைப் பிடிக்கும். இழுப்பு நேர் மேலே மட்டும். அதற்குத்தான் கணக்குப் போட்டேன், அதற்குத்தான் தங்கள் கணவர் வெல்டு வைத்தார். குறையே இல்லாத வெல்டு.

இப்போது அங்கே வரப்போகும் கிரேன் வேறு. அதற்கு உயரம் போதாது. சட்டத்தைத் தொங்கவிட இடமில்லை. ஒரே கொக்கியிலிருந்து வடங்கள் கூரைபோல இரண்டு பக்கமும் சாய்ந்து வரும். சாய்ந்த வடத்தில் இழுப்பு கூடும். அதோடு காது பக்கவாட்டில் மடங்கப் பார்க்கும். காதே தாங்கிவிட்டாலும் அது ஒட்டியிருக்கும் இடத்தில் கலனின் சுவர் குழிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் காதைத் திருகினால் வலி காதோடு நிற்காது, கன்னத்துக்கு இறங்கும் அல்லவா? அந்தக் கன்னத்து வலியைக் கணக்குப் போடுவதுதான் என் வேலை. வந்த விடை, தாங்காது என்பது. இன்னும் தடித்த காதுகளை, அகலமான அடித்தகட்டோடு வேறு இடத்தில் வைக்கிறோம். பழையவை இருந்தால் அங்கே யாராவது தவறிப்போய் அதில் மாட்டிவிடுவார்கள். அதனால் வெட்டுகிறோம்.

இன்னொன்று. கலன் நின்ற பிறகு எந்தக் காதையும் விட்டுவைப்பதில்லை. வெட்டித் தேய்த்து மழமழவென்று ஆக்கிவிடுவோம். தங்கள் கணவர் வைத்தவையும் எப்படியும் ஒரு நாள் அகற்றப்பட்டிருக்கும்.

தொலைபேசி உரையாடல் பற்றித் தாங்கள் எழுதியதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் தொழிலில் வரைந்தவர் பெயரில்தான் பொருளைச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
வடிவமைப்புப் பொறியாளர்


மார்ச் 1

கணக்கு மேடத்துக்கு,

கணக்கு என்று சொல்லி எனக்குக் காது குத்த வேண்டாம். எனக்குக் காது குத்தி வெகு காலமாகிறது.

உங்கள் கடிதத்தை மகள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். நானும் ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வடம் இழுப்பது காதை, குழிவது பக்கத்துச் சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். "பாரு, இந்தம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்று மகளிடம் சொன்னேன். அந்தச் சுவர் யார் என்று அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

எந்தப் பேச்சை எடுத்தாலும் "மேடம் சொன்னாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அவசரப்படாமல் வண்டி ஓட்டு என்று நான் வருடக்கணக்காகக் கத்தியிருக்கிறேன். ஒரு நாள் வந்து, "மேடம் சொன்னாங்க, எதுலயும் அவசரம் கூடாதாம்" என்கிறார், ஏதோ வானத்திலிருந்து வந்த செய்தி மாதிரி. அடுப்படித் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, ரெண்டு பக்கமும் காது போட்டு, "இங்கதான் மேடம் பயப்படுறாங்க, இந்த ஓரத்துல" என்று காட்டுவார். நான் எந்த ஓரத்தில் பயப்படுகிறேன் என்று எந்தத் தரையிலும் அவர் வரைந்ததில்லை. அந்த வட்டத்தை நான்தான் துடைத்தேன்.

காது விஷயம் சொல்கிறேன். புதிதாகக் கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு வலது பக்கம். சாப்பிட உட்கார்ந்தாலும் படுத்தாலும் கடைக்குப் போனாலும் வலது பக்கம். அப்படியே பழகிவிட்டது. பிறகு ஒரு தடவை வெல்டிங் பொறி அந்தக் காதுக்குள் விழுந்து, அது போயேபோய்விட்டது. பக்கம் மாற வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் பாட்டுக்கு அந்தப் பக்கமே பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் கூப்பிட்டால் மட்டும் போனைத் தூக்கி இடது காதில் வைப்பார். நல்ல காது உங்களுக்கு, செவிட்டுக் காது எனக்கு. இதற்கு ஒரு கணக்குப் போட்டு அனுப்புங்கள், பார்க்கலாம்.

எப்படியும் ஒரு நாள் வெட்டுவோம் என்று சமாதானம் சொல்கிறீர்கள். தாங்கிவிட்டு வெட்டுப்படுவது வேறு. தாங்காமலே வெட்டுப்படுவது வேறு. பிள்ளை பெற்றவள் சாவதும் பெறாமலே சாவதும் ஒன்றா? அந்தக் காதுகள் ஒரே ஒரு தடவை பாரம் தாங்கட்டும். எல்லோரும் பார்க்கத் தாங்கட்டும். அப்புறம் வெட்டுங்கள், உருக்குங்கள், நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கம்பெனி வாசலுக்கு எதிர்க்கடையில் நின்றேன். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் வெளியே வந்தீர்கள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. அண்ணன் அடையாளம் சொல்லியிருந்தார். நான் எதைப் பார்க்க வந்தேனோ அதைப் பார்த்தேன். உங்கள் காதில் ஒன்றுமே இல்லை. ஓட்டைகூடத் தூர்ந்துபோயிருக்கும்போல. இதற்கா ஒரு வாரம் அந்த மனுஷனோடு பேசாமல் இருந்தேன் என்று இருந்தது.

வெல்டர் வீட்டுக்காரி


மார்ச் 12

அக்காவுக்கு,

எதிர்க்கடையில் நின்றது நீங்கள்தானா? நீலச் சேலை, கையில் டீ, குடிக்காமல் வைத்திருந்தீர்கள். யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் வந்திருப்பேன். வந்து என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஓட்டை தூர்ந்தது நிஜம்தான். வேலைக்கூடத்துக்குள் காதில் கழுத்தில் எதுவும் போடக் கூடாது. முதல் வருடம் கழற்றி வைத்தது, மறுபடி மாட்டத் தோன்றவில்லை.

போன கடிதத்தை ஆபீஸ் பாஷையில் எழுதிவிட்டேன். அது எனக்குச் சுலபம். இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் என்மேல் பொறாமைப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள்மேல் பட்டதைச் சொல்லவா? மதியம் நாங்கள் எல்லோரும் கலனுக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். என்னுடையது கேன்டீன் பொட்டலம். அவர் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அதை மேலும் கீழும் பார்ப்பார். "இன்னிக்கு என்ன கோபத்துல இருக்காங்கன்னு பாப்போம்" என்பார். ஒரு வாய் வைத்ததுமே சொல்லிவிடுவார். "உப்பு கூட இருக்கு மேடம். நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன்." மற்றவர்கள் சிரிப்பார்கள். "என்ன தப்புண்ணே?" என்பார்கள். "அது சாயங்காலம் வீட்டுக்குப் போனாத்தான் தெரியும்" என்பார். நவம்பர் கடைசியில் ஒரு வாரம் உப்பே இல்லை. அவருக்குப் பிடிபடவே இல்லை. "இது புதுசா இருக்கே மேடம். உப்பு கூடினா கோபம். உப்பே இல்லைன்னா என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

அந்த டப்பாவைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். என் சாப்பாட்டில் உப்பு எப்போதும் ஒரே அளவு. என்மேல் கோபித்துக்கொள்ள வீட்டில் யாரும் கிடையாது.

அவர் காதைப் பற்றி. கூடத்துச் சத்தத்தில் என் குரல் எடுபடாது, அதனால்தான் இடது பக்கம் திரும்புவார். நானே ஒரு தடவை கேட்டேன், வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று. "அவ வலது பக்கம்தான் உக்காருவா. கேக்கவே வேணாம் மேடம். அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும்" என்றார். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காதுகள் விஷயத்தில் என்னால் முடியவில்லை அக்கா. மறுபடி போட்டுப் பார்த்தேன். சாய்வைக் குறைத்து, வடத்தை நீட்டி, அடித்தகட்டை அகலமாக்கி, எப்படிப் போட்டாலும் அந்த ஓரத்தில் அளவு மீறுகிறது. சட்டம் வைக்கிற கிரேனைக் கொண்டுவர முடியுமா என்று நிறுவும் ஆட்களிடம் கேட்டேன். முடியாது என்றுவிட்டார்கள். யார் வைத்த காது என்று பாரத்துக்குத் தெரியாது. கீழே ஆட்கள் நிற்பார்கள். மன்னித்துவிடுங்கள்.

உங்கள்,
கணக்குக்காரி


மார்ச் 20

மேடத்துக்கு,

அக்கா என்று எழுதாதீர்கள். மூத்தாளை இளையாள்தான் அக்கா என்று கூப்பிடுவாள்.

கேட்கவே வேணாம் என்றாராமே. நீங்கள் அதை நல்ல வார்த்தையாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் மேடம் நானும் சொல்கிறேன். கேட்கவே இல்லை.

உப்பு கூட என்று என்னிடம் ஒரு நாள் சொன்னதில்லை. டப்பாவை வழித்துச் சாப்பிட்டுக் காலியாகக் கொண்டுவந்து, "நல்லா இருந்துச்சு" என்று தொட்டியில் போடுவார். என் கோபத்தைக்கூட உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார். அதையும் நீங்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

புதுக் காதை யார் வைக்கிறார்? அந்த ஆளுக்கும் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, காது எப்படி இருக்கு என்று கேட்பீர்களா? அந்த வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்றால் முடியாதுதான். இனி எழுத மாட்டேன்.


ஏப்ரல் 22

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் கூப்பிடாமலே தொடங்குகிறேன். நீங்கள் பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். புதுக் காதுகளை வைத்தவர் ஒரு பெண் வெல்டர். எனக்குப் போன் செய்வதில்லை. அவர் வீட்டில் எரிச்சல்படுகிறவர் அவர் கணவராகத்தான் இருக்க வேண்டும்.

இனி விஷயம். கலன் தயாராகிவிட்டது. அடுத்த மாதம் நாலாம் தேதி காலை அதைக் கூடத்திலிருந்து நீள லாரியில் ஏற்ற வேண்டும். இங்கே அதை நிமிர்த்தப்போவதில்லை. படுத்த வாக்கிலேயே தூக்கி, அப்படியே வைக்கப்போகிறோம். வழக்கமாக இரண்டு முனைக்கும் அகலப் பட்டை போட்டுத் தூக்குவோம். ஆனால் இங்கே கூரை உயரம். எங்களிடம் குறுக்குச் சட்டமும் இருக்கிறது. வடம் நேராகத் தொங்கும்.

வால்முனைக்குப் பட்டை. தலைமுனைக்கு உங்கள் வீட்டுக்காரர் வைத்த காதுகள்.

முழுப் பாரம் வராது. ஏறக்குறையப் பாதி வரும். நிமிர்த்தத் தொடங்கும் முதல் கணத்தில் காதுக்கு வருவதும் இதே பாரம்தான். அதற்கும் சேர்த்துத்தான் அவற்றை வரைந்தேன். ஆகவே இது புதுக் கணக்கில்லை, பழைய கணக்கின் முதல் பக்கம். தாங்கும். உங்களுக்காக எதையும் வளைக்கவில்லை. நான் போட்டதை, உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவரும் தாங்கும் என்றார். தாங்காது என்று வந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

ஏற்றிய பிறகு வெட்டிவிடுவோம். அதில் மாற்றமில்லை.

வாசலில் உங்கள் பேரில் அனுமதிச் சீட்டு இருக்கும். மகளையும் கூட்டி வாருங்கள். கெட்டிச் செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஹெல்மெட் நாங்கள் தருவோம்.

கணக்குக்காரி


மே 19

கணக்கு மேடத்துக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவள்தான். எழுதுகிறேன்.

அன்றைக்கு உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன் என்று மகளுக்கு என்மேல் கோபம். "பாவம்மா அவங்க, தண்ணி பாட்டிலைக் கையில வச்சுட்டே நின்னாங்க" என்கிறாள். வாங்கினால் குடிக்க வேண்டும். குடித்தால் பேச வேண்டும். அதனால் வாங்கவில்லை.

அந்த டேங்க் அவ்வளவு பெரிது என்று அவர் சொன்னதே இல்லை. சொல்லியிருப்பார், நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு கேட்டிருப்பேன். எங்கள் தெருவையே உள்ளே வைத்து மூடலாம்போல இருந்தது. அதில் அந்தக் காதுகளைத் தேடிப்பிடிக்க எனக்கு நேரமானது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இத்தனை சின்னக் காதா என்றுதான் முதலில் தோன்றியது. ஃபிட்டர் அண்ணனிடம் கேட்டேன்.

"இதுவா தாங்கும்?"

"நீயே பாரும்மா" என்றார்.

சங்கு ஊதியது. எல்லோரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தோம். வடம் விறைத்தது. அப்புறம் தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் தெரிந்தது, அந்தப் பக்கத்து வெளிச்சம் அதன் வழியாக வந்தது. அண்ணன் கையைத் தூக்கி "நிறுத்து!" என்று கத்தினார். நின்றது. அப்படியே தொங்கவிட்டார்கள். தாங்குகிறதா என்று பார்ப்பதற்காம். அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் எப்போதும் சத்தம் என்றுதான் சொல்வார்.

நான் காதைப் பார்க்கவில்லை மேடம். உங்களைப் பார்த்தேன். உங்கள் கண் அந்த ஓரத்தை விட்டு நகரவில்லை. சாக்கட்டியால் அவர் தரையில் காட்டுவாரே, "இங்கதான் மேடம் பயப்படுறாங்க" என்று, அந்த ஓரம். பயந்துகொண்டுதான் நின்றீர்கள். கணக்குப் போட்ட ஆளுக்கே நம்பிக்கை வராதா என்று நினைத்தேன். அப்புறம் அது மெள்ள நகர்ந்து, லாரி மேல் போய், ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தீர்கள்.

எனக்கு அப்போதுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுவதிலும் பங்கா என்று. அதனால்தான் பேசாமல் வந்தேன். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பாதிப் பாரம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு எதிலும் பாதிதான் வரும்போல என்று முதலில் கசந்தது. அங்கே நின்று பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. அந்தப் பாதியே எங்கள் தெரு அளவு.

முந்தாநாள் அண்ணனும் இன்னொருவரும் ஒரு சாக்குமூட்டையை ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். "மேடம் குடுத்தனுப்பினாங்க. வெட்டினது. ரெண்டும் உங்களுக்காம்" என்றார் அண்ணன். சாயம் தடவிச் சோதித்துப் பார்த்ததில் ஒரு முடி அளவுகூடக் கீறல் இல்லை என்று நீங்கள் சொல்லச் சொன்னதாகவும் சொன்னார். மகள் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் சக்களத்தி காது வந்துடுச்சு" என்றாள். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. மகள்தான் வந்து பிடித்துக்கொண்டாள்.

ஒன்றில் வெள்ளைப் பெயின்டில் "வ" என்று எழுதியிருக்கிறது, ஒன்றில் "இ" என்று. வலது, இடது. அவர் எழுத்துத்தான். "வ"வின் வால் வெட்டும்போது பாதி எரிந்துபோயிருக்கிறது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. எவ்வளவு நேரம் உட்கார்ந்து தேய்த்திருப்பார். பெரிய ஓட்டைதான், அவர் சொன்னது சரி.

இரண்டையும் நானே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஒன்றும் தரக் கூடாது என்றுதான் முதல் நாள் இருந்தேன். ஆனால் காலையில் கூட்டும்போது அந்த "இ" காதைப் பார்த்தால், அது என் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிற மாதிரியே இருக்கிறது. எப்படித் திருப்பி வைத்தாலும் அப்படித்தான். அது நீங்கள் பேசிப் பழக்கின காது. என் பேச்சு அதற்குப் பிடிபடாது.

அதனால் இந்தக் கடிதத்தோடு அதை அண்ணனிடமே கொடுத்தனுப்புகிறேன். "போறதுக்கும் வர்றதுக்கும் என் இடுப்புதானா கிடைச்சுது?" என்று கத்துகிறார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். இடது காது உங்களிடம் இருக்கட்டும். வேலையைப் பற்றி மட்டும் அதனிடம் பேசுங்கள்.

"வ" காது என்னிடம் இருக்கிறது. சாப்பிடும்போது இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். அதற்கு வலது பக்கம் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாள், மகளுக்கு எங்கே வேலை கேட்டிருக்கிறது, எல்லாம் சொல்கிறேன். நேற்று உப்பு கூடிவிட்டது, அதையும் சொன்னேன்.

கேட்காதுதான். எனக்கு அது பழக்கம்.

இப்படிக்கு,
வலது பக்கத்துக்காரி